எத்தனை இஞ்சு தண்ணி?

மாட்டுச் சந்தை கூடாத நாளில் புதன்சந்தை டீக்கடை பெஞ்சுகள் பாதி காலியாகத்தான் கிடக்கும். அன்று காலை ஆறரை மணிக்கு நானும் என் அக்கா மகனும் உட்கார்ந்திருந்தோம். நாமக்கல்லில் முட்டை ஏற்றிக்கொண்டு பெங்களூருக்கு வேன் ஓட்டுகிறான். முந்தின இரவுதான் காலி அட்டைகளோடு திரும்பியிருந்தான். டீ வருவதற்குள் சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்து மேசைமேல் குப்புறப் போட்டான்.

“இதத் தூக்கிப் போட்ரலாம்னு இருக்கேன் மாமா. நேத்து சூளகிரிகிட்ட செத்துப் போச்சு. மேப்பு இல்ல. கடைக்காரங்களுக்குக் கூப்பிட முடியல. அத்திப்பள்ளி டோல்கேட்டுல பாத்தா ஃபாஸ்டேக்ல காசு இல்ல, ஏத்தறதுக்கு போனும் இல்ல. ரெட்டைக் காசு கட்டிட்டுப் போனேன்.”

“வண்டியில சார்ஜ் போடலையா மாப்ளே?”

“அதானே மாமா கூத்து! நாமக்கல்லுல கிளம்புனதுலருந்து சார்ஜுலதான் கெடந்துச்சு. கிளம்பறப்ப அறுவது இருந்துச்சு. மின்னல் மார்க்கு கடைசி வரைக்கும் காட்டிட்டேதான் இருந்துச்சு. அப்பறம் எப்பிடிச் செத்துச்சு?”

கடைவீதியில் ஒரு சர்வீஸ் கடைக்காரர் பேட்டரி போய்விட்டது, மாற்ற வேண்டும் என்று சொல்லியிருந்தாராம். இருக்கலாம். ஆனால் வாங்கி எட்டு மாதம்தான் ஆகிறது. வீட்டில் இரவு சார்ஜ் போட்டால் மறுநாள் இரவு வரை தாங்குகிறது. எனக்கு பேட்டரிமேல் சந்தேகம் வரவில்லை. “எங்கே சொருகியிருந்த?” என்று கேட்டேன். பாட்டுப் பெட்டியின் முகப்பில் பென் டிரைவ் போடுவதற்கு ஒரு துளை இருக்குமே, அதில்.

விஷயம் அங்கேதான் இருந்தது.

நான் அவனிடம் திருப்பிக் கேட்டேன். “போன வருசம் உங்க காட்டுல போர் போட்டீங்களே, ரிக் வண்டிக்காரன்கிட்ட மொதல்ல என்ன கேட்ட?”

“எத்தன இஞ்சு தண்ணின்னு கேட்டேன்.”

“தண்ணி வருதான்னு கேட்கலையா?”

சிரித்தான். இந்தப் பக்கத்தில் யாரும் அப்படிக் கேட்கமாட்டார்கள். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இந்தியா முழுக்கப் போய் ஓட்டை போடுகின்றன. அந்த ஊரின் பேச்சே இஞ்சுக் கணக்குத்தான். குழியிலிருந்து அடித்து வெளியே வரும் தண்ணியை வாய்க்காலாக விட்டு, வி வடிவத்தில் வெட்டிய தகட்டை நடுவே நிறுத்தி அளப்பார்கள். ஒன்றரை இஞ்சு என்றால் ஒரு பாட்டு, மூன்று இஞ்சு என்றால் வேறு பாட்டு. அரை இஞ்சுத் தண்ணியை வைத்துக்கொண்டு நான்கு ஏக்கர் மஞ்சளுக்குப் பாய்ச்ச முடியாது என்பது ஆறாம் வகுப்புப் பையனுக்குக்கூடத் தெரியும். செல்போன் என்று வந்துவிட்டால் மட்டும் நாம் எல்லோரும் ‘தண்ணி வருதா’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். மின்னல் குறி அதற்கு மட்டும்தான் பதில் சொல்கிறது. வருகிறது, அவ்வளவுதான். எவ்வளவு வருகிறது, செலவுக்குக் காணுமா என்பதை அது சொல்வதே இல்லை.

மின்சாரத்தில் இஞ்சுக்கு நிகரான அளவு வாட். வோல்ட் என்பது தள்ளுகிற அழுத்தம், ஆம்பியர் என்பது ஓடுகிற அளவு, இரண்டையும் பெருக்கினால் வாட். இதற்குமேல் கணக்கு வேண்டாம்.

இவனுடைய போனில் 5,000 மில்லி ஆம்பியர் அவர் பேட்டரி. அதன் சராசரி அழுத்தம் 3.85 வோல்ட். ஆக உள்ளே ஏறத்தாழ 19 வாட் அவர் சக்தி கொள்ளும். இதைத் தொட்டி என்று வைத்துக்கொள்ளலாம். திறந்து கிடக்கிற மடை எவ்வளவு பெரியது? வெயிலில் தெரிய வேண்டும் என்று திரை வெளிச்சம் முழுசாக எரிகிறது. மேப் ஓடுகிறது, வண்டி இருக்கும் இடத்தை ஓயாமல் செயற்கைக்கோள்களிடம் கேட்டுக்கொண்டிருக்கிறது. நடுநடுவே அழைப்பு. காலையில் முட்டை விலை எவ்வளவு அறிவித்திருக்கிறார்கள் என்று வாட்ஸப்பில் நாலு குழுவில் பேச்சு. புளூடூத்தில் பாட்டு. ஒவ்வொரு டவரிலிருந்தும் அடுத்த டவருக்குத் தாவல். இதெல்லாம் சேர்ந்தால் போனுக்குப் போன் மாறினாலும் நாலு, நாலரை வாட் தின்றுவிடும். சிக்னல் அறுந்து அறுந்து வரும் மலைப்பாதையில் இன்னும் கூடும், ஏனென்றால் டவர் தூரமாகப் போகப் போகப் போன் கத்திப் பேச வேண்டியிருக்கிறது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவையும் மேப்பைப் பார்த்துக்கொண்டே ஏறியவர்களுக்கு இது புரியும்.

இப்போது பாட்டுப் பெட்டித் துளை. பழைய வகை யூஎஸ்பி துளை 5 வோல்ட்டில் அரை ஆம்பியர் தரும். அதாவது 2.5 வாட். ஒயரிலும், போனுக்குள் மாற்றும்போதும் கொஞ்சம் சூடாகப் போய்விடும். பேட்டரி வாசலுக்கு வந்து சேர்வது 2 வாட் சுமார். செலவு நாலரை, வரவு இரண்டு. மணிக்கு 2.5 வாட் அவர் தொட்டியிலிருந்து இறங்கிக்கொண்டே இருக்கிறது. 19-ல் அது 13 சதவீதம். அறுபதில் கிளம்பினால் நாலரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும்.

“நாமக்கல்லுலருந்து சூளகிரிக்கு எவ்வளவு நேரம் மாப்ளே?”

விரல் விட்டுப் பார்த்தான். “முட்டை லோடு மாமா, மெதுவாத்தான் போவேன். நாலரை மணி நேரம்.”

அந்தத் துளையை அற்பம் என்று திட்டுவதற்கு முன் அது எதற்காகப் பிறந்தது என்று பார்ப்பது நியாயம். 1996-ல் யூஎஸ்பி வந்தபோது நோக்கம், கணினியின் பின்னால் தொங்குகிற விதவிதமான பின்களை ஒழித்து கீபோர்டு, மவுஸ், பிரிண்டர் எல்லாவற்றுக்கும் ஒரே வாய் வைப்பது. இன்டெல் கம்பெனியில் அந்த வேலையை முன்னின்று செய்தவர்களில் ஒருவர் அஜய் பட், குஜராத்தின் வதோதராவில் பிறந்தவர். மவுஸுக்கு அரை ஆம்பியர் விருந்து. அந்த வாயில் ஒருநாள் நாம் ஒரு சின்னக் கணினியையே தொங்கவிட்டு, அதை ஓடவும் வைத்து, கூடவே அதன் வயிற்றையும் நிரப்பச் சொல்லுவோம் என்று அன்றைக்கு யாரும் கணக்கிட்டு வைக்கவில்லை. பாட்டுப் பெட்டிக்காரர்களும் பென் டிரைவுக்குத்தானே என்று அதையே வைத்துக் கொடுத்தார்கள். இன்றைய கார்களில் ஒன்றரை ஆம்பியர், மூன்று ஆம்பியர் தரும் துளைகள் வருகின்றன. பக்கத்தில் பொடி எழுத்தில் எழுதியிருக்கும். கண்ணாடி போட்டாவது படித்துவிட வேண்டும்.

வண்டியில் நிஜமாகத் தண்ணி இருக்கும் இடம் சிகரெட் லைட்டர் குழி. இப்போது சிகரெட்டும் இல்லை, லைட்டரும் இல்லை. குழிக்குப் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. பழுக்கக் காய்ச்சும் சுருளுக்காகப் போட்ட ஒயர் என்பதால் 10 ஆம்பியர், சிலவற்றில் 15 ஆம்பியர் ப்யூஸ் போட்டிருப்பார்கள். 12 வோல்ட் வண்டியில் 10 ஆம்பியர் என்றாலே 120 வாட். அரை இஞ்சுக்கு அழுதவனுக்கு ஆறு இஞ்சு குழாய் பக்கத்திலேயே இருந்திருக்கிறது. அதில் அவன் கொசுவத்தி மெஷின் சொருகி வைத்திருந்தான்.

குழி இருந்தால் போதாது, அதில் சொருகும் சார்ஜரும் ஆளைப் பொறுத்தது. பஸ் ஸ்டாண்டு கடையில் நூறு ரூபாய்க்குத் தொங்குவதில் ‘3.1 ஆம்பியர் பாஸ்ட்’ என்று போட்டிருக்கும். அது பெரும்பாலும் இரண்டு துளைக்கும் சேர்த்துச் சொல்லும் கணக்கு. இவன் ஒரு போன், கூட வரும் ஆள் ஒரு போன் என்று சொருகினால் பங்கு பிரியும்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. புதன்சந்தையிலேயே உட்கார்ந்திருந்ததால் சொல்வது சுலபமாக இருந்தது. மாட்டுத் தரகர்கள் விலை பேசும்போது துண்டைப் போர்த்தி அதற்குள் கைவிட்டு விரலைப் பிடித்துப் பேசுவார்கள் அல்லவா? டைப் சி ஒயர் சொருகிய அடுத்த நொடியில் சார்ஜரும் போனும் அதைத்தான் செய்கின்றன. “என்னிடம் 5 வோல்ட்டில் 3 ஆம்பியர் இருக்கிறது, 9 வோல்ட்டில் 2.2 ஆம்பியர் இருக்கிறது” என்று சார்ஜர் விரலை நீட்டும். “ஒன்பதைக் கொடு” என்று போன் ஒரு விரலைப் பிடிக்கும். அதற்குப் பிறகுதான் வோல்ட் ஏறும். இந்தப் பொது பாஷைக்கு பவர் டெலிவரி என்று பெயர், 2012-ல் வந்தது. பெட்டியில் பி.டி. என்று போட்டிருப்பார்கள். தனித்தனி பாஷை பேசுகிற கம்பெனிகளும் உண்டு. வாங்கும்போது 67 வாட், 80 வாட் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். அது அந்தக் கம்பெனியின் சார்ஜர், அந்தக் கம்பெனியின் ஒயர் இரண்டும் சேர்ந்தால் மட்டும். வெளிச் சார்ஜரைக் கண்டால் அந்தப் போன்கள் பலவும் பத்து, பதினெட்டு வாட்டோடு நிறுத்திக்கொள்ளும். பாஷையே ஒத்துவராவிட்டால் பேரம் முறிந்து ஆரம்ப விலையான 5 வோல்ட்டிலேயே நிற்கும். ஐரோப்பாவில் 2024 டிசம்பர் 28 முதல் புதிதாக விற்கும் போன்களுக்கெல்லாம் டைப் சி வாய் கட்டாயம் என்று சட்டம் வந்துவிட்டது. வாய் ஒன்றானது நல்லதுதான். பேச்சும் முழுக்க ஒன்றாகிவிட்டால் என்னைப் போன்றவர்கள் டீக்கடையில் உட்கார்ந்து இதை விளக்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

“அப்ப பெருசா நூறு வாட்டா வாங்கிரட்டுமா மாமா?”

வேண்டாம் என்றேன். என் கணக்கில் ஓடுகிற வண்டிக்கு 20 வாட் பி.டி. சார்ஜர் தாராளம். செலவு நாலரை போக மீதி பத்துப் பன்னிரண்டு பேட்டரிக்கு ஏறினாலே ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் நிரம்பிவிடும். பத்து நிமிடத்தில் நிரப்பி எங்கே போகப் போகிறான்? வேகமாக ஏற்றினால் சூடும் வேகமாக ஏறும். அந்தச் சூட்டுக் கதைக்குப் பின்னால் வருகிறேன்.

அதற்கு முன் ஒயர். சார்ஜருக்கு எழுநூறு கொடுப்பவன் ஒயருக்கு ஐம்பது கொடுப்பான். இது உலக வழக்கம். மெலிந்த ஒயருக்குள் போகும் செம்பு, 28 கேஜ் என்பார்கள், தலைமுடி நாலைந்தை முறுக்கினாற்போல் இருக்கும். ஒரு மீட்டர் நீளத்தில் போகவும் வரவும் சேர்த்து 0.43 ஓம் தடை. 2 ஆம்பியர் ஓடினால் 0.85 வோல்ட் வழியிலேயே கரைந்துவிடும். கிளம்பியது 5 வோல்ட், போய்ச் சேர்ந்தது 4.15. போன் அதைப் பார்த்து “இந்தக் குழாய் தாங்காது” என்று தானாகவே இழுவையைக் குறைத்துக்கொள்ளும். பின் சீட்டு வரைக்கும் எட்டுகிற இரண்டு மீட்டர் ஒயர் என்றால் கேட்கவே வேண்டாம். அதே ஒரு மீட்டருக்கு 24 கேஜ் தடித்த ஒயர் போட்டால் இழப்பு 0.34 வோல்ட்டோடு நின்றுவிடும். கிணற்றிலிருந்து காட்டுக்கோடிக்கு அரை இஞ்சு ஓஸில் தண்ணி கொண்டுபோகிறவர்கள் யாராவது உண்டா?

துண்டுக்குள் ஏன் ஒன்பது வோல்ட்டுக்குப் பேரம் நடக்கிறது என்பதும் இங்கேதான் விளங்கும். 10 வாட்டை 5 வோல்ட்டில் அனுப்ப 2 ஆம்பியர் வேண்டும். 9 வோல்ட்டில் அனுப்பினால் 1.1 போதும். ஆம்பியர் பாதியானால் வழியில் சூடாக வீணாவது கால்வாசி ஆகும். மேட்டூர் அனல்மின் நிலையத்திலிருந்து கிளம்பும் மின்சாரத்தை லட்சக்கணக்கான வோல்ட்டுக்கு ஏற்றி, நம் சோளக்காட்டு மேல் கோபுரம் கோபுரமாகக் கொண்டுபோகிறார்களே, அதே யோசனைதான். அங்கே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர், இங்கே ஒரு முழம்.

இதற்குள் சங்ககிரிப் பக்கத்து லாரி ஒன்று ஓரங்கட்டி நின்று, டிரைவர் இறங்கி வந்து பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். காதைக் கொடுத்துக்கொண்டே இருந்தவர், டீ கிளாஸை வைத்துவிட்டுக் கேட்டார்.

“ஏனுங்க, நீங்க சொல்ற மாதிரி ஒரு சார்ஜர் எம்பையன் கார்ல நல்லா வேலை செஞ்சுதுங்க. அதையே எடுத்துட்டு வந்து நம்ம லாரியில சொருகுனேன். புஸ்ஸுன்னு ஒரு சத்தம், கருகுன வாசம். அத்தோட சரி.”

காரும் சின்ன வேனும் 12 வோல்ட். லாரி 24 வோல்ட்; இரண்டு 12 வோல்ட் பேட்டரியை வரிசையாகக் கோத்திருப்பார்கள். வண்டி ஓடும்போது டைனமோ தருவது 28 வோல்ட் வரைக்கும் போகும். காருக்கென்று செய்த மலிவான சார்ஜருக்குள் 16 வோல்ட் தாங்கும் கப்பாசிட்டர் இருந்தால், 28-ஐப் பார்த்ததும் அது வெடிக்காமல் என்ன செய்யும்? சார்ஜரின் கழுத்தில் உள்ளீடு 12-24 வோல்ட் என்று போட்டிருக்கிறதா என்று பார்த்துத்தான் லாரியில் சொருக வேண்டும். 12 மட்டும் என்றால் காரோடு சரி.

“அதுக்கப்பறம் எலக்ட்ரீசியன் ஒண்ணு பண்ணிக் குடுத்தாருங்க. ரெண்டு பேட்டரியில ஒண்ணுலருந்து மட்டும் ஒயர் இழுத்து 12 வோல்ட் பண்ணிட்டாரு. செல்லு சார்ஜரு, பாட்டு செட்டு, பேன், கேபின் லைட்டு எல்லாம் அதுலதான் ஓடுது.”

“பேட்டரிக்குத் தண்ணி ஊத்துறப்ப ரெண்டும் ஒரே மாதிரி குடிக்குதுங்களா?” என்று கேட்டேன்.

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “ஒண்ணுதாங்க குடிக்குது. இன்னொண்ணு குடிக்கறதே இல்ல. ஆனா மொதல்ல சாகறது அந்தக் குடிக்காததுதான். ரெண்டு வருசத்துல ரெண்டு தடவை மாத்திட்டேன்.”

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்தில் அரை நூற்றாண்டுக்கு மேலாக லாரிக்குக் கூண்டு கட்டுகிறார்கள். வெறும் சேசிஸாக வரும் வண்டி, கேபினும் பாடியும் பெயின்ட்டும் முகப்பில் குலதெய்வத்தின் பேரும் ஆகி, லாரியாக வெளியே போகும். அந்தப் பட்டறைகளின் கைவேலையை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் கிளை எடுக்கும் இந்தப் பழக்கம் காலங்காலமாக நடக்கிற தப்பு, அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஒரு நுகத்தில் இரண்டு மாடு. பகலெல்லாம் இரண்டும் வண்டி இழுக்கின்றன. ராத்திரி ஒரு மாட்டை மட்டும் அவிழ்த்துச் செக்கிலும் கட்டுகிறீர்கள். தீனி வைக்கும்போது தொட்டி ஒன்றே என்பதால் இரண்டுக்கும் ஒரே அளவு. கிளை எடுத்த பேட்டரி கூடுதலாக உழைக்கிறது. டைனமோவுக்கு அது தெரியாது. இரண்டும் சேர்ந்து 28 வோல்ட் வந்ததா என்று மட்டும்தான் அது பார்க்கும். இளைத்த பேட்டரி 13 வோல்ட்டில் நின்றுவிட்டால் மற்றது 15-க்கு ஏறிவிடும். கூட்டினால் கணக்குச் சரி. இளைத்தது முழுசாக நிரம்பாமலே நாளெல்லாம் ஓடி, உள்தகடுகளில் உப்புப் படிந்து சாகும். நிறைந்தது அளவுக்கு மீறி ஏறிக் கொதித்துத் தண்ணியைக் குடித்துக்கொண்டே இருக்கும். ஒரே வண்டியில் ஒன்றுக்குப் பட்டினி, ஒன்றுக்கு அஜீரணம்.

செல்போன் மட்டும் என்றால் இவ்வளவு கெடுதல் நடந்திருக்காது; அதன் இழுவை ஒரு ஆம்பியர்தான். பாட்டு செட்டும் ஆம்பிளிபயரும் ராத்திரி முழுக்க ஓடும் பேனும் சேர்ந்துதான் அந்த மாட்டைக் கொன்றிருக்கின்றன. வழி இருக்கிறது. 24-ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர் பெட்டி என்று பேட்டரிக் கடைகளில் கிடைக்கிறது. இரண்டு பேட்டரியிலிருந்தும் சமமாக எடுத்து 12 தரும். அதை ஒரு ப்யூஸோடு போட்டு, பின்னால் எல்லாவற்றையும் மாட்டிக்கொள்ளலாம். போனுக்கு அதுகூட வேண்டாம், 12-24 வோல்ட் என்று போட்ட சார்ஜர் நேராகவே 24-ல் ஓடும். புதிதாக வரும் லாரிகள் சிலவற்றில் கம்பெனியே துளை வைத்துத் தருகிறது.

அவர் எழுந்துபோய் லாரியின் பேட்டரிப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு வந்தார். ஒன்றும் சொல்லவில்லை, இன்னொரு டீ சொன்னார். எங்களுக்கும் சேர்த்து.

மாப்பிள்ளைக்கு வேறு பயம் வந்திருந்தது. “குழியில சொருகுனா எம்வண்டி பேட்டரி எறங்கிருமா மாமா?” வண்டி ஓடும்போது அந்தக் கவலையே வேண்டாம், டைனமோ பார்த்துக்கொள்ளும். முன் விளக்கு இரண்டும் எரிந்தால் நூறு வாட்டுக்கு மேல். போன் அதில் ஐந்தில் ஒரு பங்குக்குள்தான். நின்ற வண்டியிலும் ஒரு போனை அடியிலிருந்து முடிவரை நிரப்ப 25 வாட் அவர் போதும். 40 ஆம்பியர் அவர் பேட்டரிக்குள் 480 இருக்கிறது. நல்ல பேட்டரி அதைப் பொருட்படுத்தாது. ஆனால் மூன்று வருடம் ஓடித் தேய்ந்த பேட்டரியோடு, சாவி எடுத்த பிறகும் உயிரோடு இருக்கும் குழியில் சார்ஜர், டேஷ் கேமரா, கொசுவத்தி எல்லாவற்றையும் விட்டுவிட்டு இரண்டு நாள் கல்யாணத்துக்குப் போனால், திரும்பி வந்து தள்ளு ஆள் தேட வேண்டியதுதான். செல்ப் அடிக்கும்போது சார்ஜரைக் கழற்றி வைத்திருப்பதும் நல்ல பழக்கம். அந்த நேரத்தில் வோல்ட் பத்துக்கும் கீழே விழுந்து எழும். மலிவான சரக்குகள் அதில் திணறும்.

பவர் பேங்க் வைத்துக்கொள்ளலாமா என்றால், வைத்துக்கொள்ளலாம், ஆனால் 10,000 என்று எழுதியதை நம்பி 5,000 போனை இரண்டு தடவை நிரப்பக் கணக்குப் போடக்கூடாது. அந்தப் பத்தாயிரம் உள்ளே இருக்கும் 3.7 வோல்ட்டின் கணக்கு. 5 வோல்ட்டாக ஏற்றி வெளியே வருவதற்குள் ஆறாயிரத்துச் சொச்சமாகிவிடும். நின்ற வண்டியில் வெயில்படும் இடத்தில் அதை விட்டுப்போவது ஆபத்து. வண்டியில் இன்வெர்ட்டர் வைத்து, 12-ஐ 230 ஆக்கி, அதில் வீட்டுச் சார்ஜரைச் சொருகி, மறுபடி 9 ஆக்குவது, சேலத்திலிருந்து நாமக்கல்லுக்கு ஏற்காடு வழியாக வருவது மாதிரி.

இனி சூடு. இங்கே இதுதான் பெரிய எதிரி. ஆப்பிள் கம்பெனி தன் போன்களைப் பயன்படுத்தச் சொல்லும் வெப்பம் 0 முதல் 35 டிகிரி வரை. சித்திரையில் சேலத்து நிழலே அதைத் தாண்டிவிடும்; 40-ஐத் தொட்ட நாட்கள் நமக்குப் புதிதல்ல. கண்ணாடிக்குப் பின்னால் வெயில் விழும் டேஷ்போர்டு 60-ஐத் தாண்டுவது சாதாரணம். அந்த இடத்தில்தான் நாம் ஸ்டாண்டு ஒட்டி, போனை மாட்டி, மேப்பைப் போட்டு, முழு வெளிச்சத்தில் வைத்து, வேகச் சார்ஜையும் சொருகுகிறோம். அடுப்பும் உள்ளே, வெயிலும் வெளியே. லித்தியம் பேட்டரி சூட்டில் சார்ஜ் ஏறினால் சீக்கிரம் கிழடு தட்டும். அது போனுக்குத் தெரியும். அதனால் முதலில் திரையை மங்கலாக்கும், அடுத்து சார்ஜ் இழுப்பதைக் குறைக்கும், ஐபோன்கள் 80 சதவீதத்தோடு நிறுத்திவிடுவதும் உண்டு. கடைசியில் ‘போன் சூடாகிவிட்டது’ என்று எழுதிவிட்டுக் கையை விரித்துவிடும். ஆக 20 வாட் சார்ஜர், தடித்த ஒயர் எல்லாம் இருந்தும் சதவீதம் இறங்கினால் குற்றவாளி சூடு.

“நீ காலையில வடக்க போற. வெயிலு எந்தப் பக்கம் அடிக்கும்?”

“எம்பக்கம் மாமா. தருமபுரி வரைக்கும் கை காந்தும்.”

அப்படியானால் ஸ்டாண்டு டிரைவர் பக்கத் தூணில் ஒட்டக்கூடாது. நடுவில், கண்ணாடியை விட்டுக் கீழே இறங்கி, காற்று படும் இடத்தில் வை. ஏசி இருந்தால் அதன் வாய்க்கு எதிரில் கவ்வும் ஸ்டாண்டு எல்லாவற்றிலும் உத்தமம். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் ஏசி இருந்தாக வேண்டும் என்று மத்திய அரசு விதி போட்டிருக்கிறது. அது டிரைவர்களுக்காக, போன்களுக்கும் புண்ணியம். இவனுடைய சின்ன வேனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. முதுகில் போட்டிருக்கும் தடித்த கவரை நெடும்பயணத்தில் கழற்றிவிடலாம். ஒயரே இல்லாமல் வைத்தால் ஏறும் சார்ஜர் கார்களில் இப்போது நிறைய வந்துவிட்டது. பார்க்க அழகு. ஆனால் சக்தியில் ஒரு பங்கைச் சூடாக்கிப் போனின் முதுகிலேயே வைக்கும். நம் ஊர் மே மாதத்துக்கு அது ஆகாது என்பது என் கட்சி.

வரத்தைக் கூட்டியாயிற்று, மடையையும் கொஞ்சம் அடைக்கலாம். மேப்பை வீட்டு வைஃபையில் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளலாம். வெளிச்சத்தைக் கால்வாசி குறைத்தாலே கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம். குரல் வழி சொன்னால் திரை எதற்கு?

“அதுலயும் மாப்ளே, நாமக்கல்லுலருந்து சேலத்துக்கு உனக்கு மேப்பு எதுக்கு? ஆண்டகளூர் கேட்டுல இடது போ, வலது போன்னு அது சொல்லி நீ கேட்கணுமா?”

“அது சும்மா ஓடிட்டு இருக்கும் மாமா. ஒரு தொணைக்கி.”

துணைக்கு வைத்திருப்பதை நான் என்ன சொல்ல? ராத்திரி தொப்பூர் கணவாயில் தனியாக இறங்குகிறவன் அவன். ஸ்டாண்டில் இருக்கட்டும், கையில் எடுக்காதே என்று மட்டும் சொன்னேன். ஓட்டும்போது போனைக் கையில் பிடித்துப் பேசுவதற்கு மோட்டார் வாகனச் சட்டம் 184-ம் பிரிவில் அபராதம் இருக்கிறது, 2019-ல் திருத்தி அதை ஏற்றியும் விட்டார்கள்.

இதெல்லாம் நான் சொன்னதற்காக நம்ப வேண்டியதில்லை. நாமக்கல்லில் கிளம்பும்போது சதவீதத்தைப் பார்த்துக்கொள், சேலம் கொண்டலாம்பட்டி பைபாஸில் மறுபடி பார். ஒரு மணி நேர ஓட்டம், அளக்க அதுவே போதும். கூடியிருந்தால் சரி. இறங்கியிருந்தால் ஒவ்வொன்றாக மாற்று, முதலில் துளையை, அப்புறம் ஒயரை, அப்புறம் போன் இருக்கும் இடத்தை. எத்தனை ஆம்பியர் ஏறுகிறது என்று காட்டும் இலவசச் செயலிகளும் உண்டு. ஒயருக்கு நடுவில் சொருகும் சின்ன மீட்டரும் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ரிக் வண்டிக்காரர் வைத்திருக்கும் தகடு மாதிரி.

லாரிக்காரர் கிளம்பும்போது கேட்டார்: “அந்தக் கன்வெர்ட்டரு எத்தன ஆம்பியர்ல வாங்கறதுங்க?” பாட்டு செட்டு ஆம்பிளிபயரின் ப்யூஸில் என்ன போட்டிருக்கிறது என்று பார்த்து, மற்றதையும் கூட்டி, அதற்கு மேல் கொஞ்சம் வைத்து வாங்கச் சொன்னேன். கையிலேயே பேனாவால் எழுதிக்கொண்டார்.

எட்டு நாள் கழித்து மாப்பிள்ளையிடமிருந்து வாட்ஸப். ‘நாமக்கல் 58. சேலம் 83. கிருஷ்ணகிரி 100. கொசு மெஷினைக் கழட்டிட்டேன்.’ அதற்குக் கீழே ஒரு கேள்வி: ‘அப்ப பாட்டுப் பெட்டி ஓட்டைய என்ன மாமா பண்றது?’

பென் டிரைவ் போட்டுப் பாட்டுக் கேள் என்று பதில் அனுப்பினேன்.